டிசம்பர் விருந்துக்கு மூணு ஜப்பானியப் பாட்டு வேணும் – தனி கிதார், கட்டைக் குரல்

தாமாக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கவாசாகியில வேலை. டிசம்பர் மூணாவது வாரம் எங்க டீமோட போனென்காய், அதாவது வருஷக் கடைசி விருந்து. போன மாசம் பேச்சுவாக்குல "கிதார் வாசிப்பேன்"னு சொல்லித் தொலைச்சிட்டேன். மேனேஜர் அதை மறக்கவே இல்ல. மூணு பாட்டு வாசிச்சுப் பாடியாகணும்.

நிலவரம் இதுதான். கிதார் யமஹா எஃப்280, சென்னைக்குப் பக்கத்து ஆலையில செஞ்சது, என் கூடவே விமானம் ஏறி வந்தது. திறந்த கார்டெல்லாம் வரும். எஃப் பிடிச்சா மூணு தந்தி பேசும், மூணு தந்தி முனகும். குரல் நல்ல கட்டை. ஹிராகானா, கதகானா படிப்பேன், கான்ஜி தடவித் தடவி. டேபிள்ல பாதிப் பேருக்கு இருபத்தஞ்சு வயசுதான், அதனால கடந்த ஏழெட்டு வருஷத்துப் பாட்டா இருந்தா நல்லது.

ஹிகேதான் பேண்டோட 'பிரிடெண்டர்' எடுத்துப் பார்த்தேன். ஆரம்பம் நல்லாத்தான் போச்சு. கோரஸ் வந்ததும் குரல் கிழிஞ்சு, பக்கத்து வீட்டுல சுவத்தைத் தட்டிட்டாங்க.

---

ஆறுதந்தி எழுதியது:

பிரிடெண்டரை விட்டுடுங்க. அது 2019-ல வந்தப்போ நானும் ஒரு மாசம் தொண்டையைக் கெடுத்துக்கிட்டேன். ஹிகேதானும் சரி, மிஸஸ் கிரீன் ஆப்பிளும் சரி, அந்த ஆம்பளைங்க பாடுற உயரத்துக்கு ஏணி வெச்சாலும் நமக்கு எட்டாது. இங்க கரோக்கே போறவங்க 'ஹை-ஏ, ஹை-சி'ன்னு பேசிக்குவாங்க, கேட்டிருப்பீங்க. ஹை-ஏன்னா 440 ஹெர்ட்ஸ் ஏ. பிரிடெண்டர் அதையும் தாண்டி ஹை-சி வரை போகும். கட்டைக் குரலுக்கு அங்க வேலையே இல்ல.

பாட்டு எடுக்குறதுக்கு முன்னாடி நான் ஒரு சோதனை வெச்சிருக்கேன். பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துப் பாருங்க. டிரம்ஸ், சிந்தசைசர் எதுவும் இல்லாம பாட்டு முழுசா வாய்க்குள்ள வந்துட்டா கிதார்லயும் நிக்கும். நடுவுல "டுடும் டுடும்"னு வாத்தியத்தையும் நீங்களே வாயால போட வேண்டியிருந்தா, பாதிப் பாட்டு அரேஞ்ச்மென்ட்ல மாட்டியிருக்குன்னு அர்த்தம். இந்த ஊர்ல இதுக்கு 'ஹிகிகதாரி'ன்னு பேரு. ஹிகி, தந்தியை மீட்டுறது. கதாரி, கதை சொல்றது. பாடுறதுன்னு கூடச் சொல்லல பாருங்க.

அந்தச் சோதனையில முதல்ல தேறுறது பாடகி ஐம்யோனோட 'மாரிகோல்டு', 2018. நம்ம செண்டுமல்லி. மூலச் சுருதி டி. கார்டு வரிசை, பாக்கெல்பெல் எழுதின 'கேனன்'ங்கிற பழைய மேற்கத்திய இசையோட சாடை, அதாவது டி, ஏ, பி மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஜி, டி, ஜி, ஏ. கல்யாண வீடுகள்ல தேய்ஞ்சுபோன வரிசைதான், ஆனா அதனாலதான் உங்க கை தப்பினாலும் கேக்குறவங்க காது தானா சரி பண்ணிக்கும். இவங்க 2019 பிப்ரவரியில டோக்கியோ புதோகான் அரங்கத்துல முழுக் கச்சேரியும் தனியா கிதாரோட முடிச்சாங்க. 2022 நவம்பர்ல சொந்த ஊரான நிஷினோமியாவுல, கோஷியென் பேஸ்பால் மைதானத்துலயும் அதே மாதிரி ஒத்தை ஆளா. அத்தனை பெரிய மைதானத்துல ஒரு கிதார் தாங்குச்சுன்னா உங்க இஸகாயா (குடிக்கடை) டேபிள்ல தாங்காதா?

ஒண்ணு மட்டும் கவனம். அவங்க சுருதியிலேயே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினா கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி இருக்கும். கேப்போ, அதாவது சுருதியைக் கூட்டக் கிதார் கழுத்துல மாட்டுற கவ்வி, அதைப் போடாம ஜி-யில வாசிங்க. ஜி, டி, இ மைனர், பி மைனர், சி, ஜி, சி, டி. கட்டைக் குரலுக்கு அச்சா உக்காரும்.

---

அனிமே_வெறியன் எழுதியது:

என்ன ப்ரோ பழைய பாட்டா சொல்றீங்க. யோஅசோபியோட 'ஐடல்' போடுங்க, இல்லன்னா 'பிளிங் பேங் பேங் பார்ன்'. டேபிளே எழுந்து ஆடும்.

---

ஆறுதந்தி எழுதியது:

தம்பி, பிளிங் பேங் ராப். ஒரு கிதாரை வெச்சுக்கிட்டு அதைப் பண்ணினா மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். 'ஐடல்' பாத்திரம் கழுவுற சோதனையில முதல் முப்பது விநாடியிலேயே அவுட்.

---

பியானோக்காரி எழுதியது:

யோஅசோபின்னாலே ஒதுக்கிடாதீங்க. 'யோரு நி ககேரு' கடைசியில சுருதி மாறும், கிதார்க்காரங்க அதைப் பார்த்துதான் ஓடுறாங்க. மாறுற இடத்தை வெட்டிட்டு ஒரே சுருதியில முடிச்சா யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டாங்க. வேகத்தைப் பாதியாக்கிப் பாடினா அந்த வரிகள் எவ்வளவு இருட்டுன்னு அப்பதான் உறைக்கும்.

அப்புறம் ஆறுதந்தி சார் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. இப்ப வர்ற பாட்டுல பாதி கேனன் கிடையாது, 'மாருசா'. 1999-ல ஷீனா ரிங்கோ போட்ட 'மாருனோஉச்சி சடிஸ்டிக்' பாட்டால வந்த பேரு. சி சுருதியில எஃப் மேஜர்7, இ7, ஏ மைனர்7, சி7. நாலையுமே திறந்த கார்டா பிடிக்கலாம். எஃப் மேஜர்7-க்கு ஆறாவது, அஞ்சாவது தந்தியை விட்டுட்டு நாலாவதுல 3, மூணாவதுல 2, ரெண்டாவதுல 1, முதல் தந்தி காலி. ஒரே விரலால எல்லாத் தந்தியையும் அமுக்குற பாரே இல்ல, முனகல் இல்ல. ஐம்யோனோட 'ஐ ஓ த்சுதாஎதாய் ததோகா' இந்த வரிசையிலதான் நடக்கும். இரவு பத்து மணிக்கு நாலு பேர் குடிச்சிட்டு உக்காந்திருக்கிற இடத்துல இந்த நாலு கார்டைச் சும்மா சுத்தி விட்டாலே முகமெல்லாம் மாறும்.

---

தாமாக்கரை எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஜி-யில மாரிகோல்டு வாசிச்சுப் பார்த்தேன், ஆமா, குரல் உக்காருது! பி மைனர்லதான் சிக்குது. யூரியோட 'டிரை ஃபிளவர்' எப்படி? ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

---

ஆறுதந்தி எழுதியது:

பி மைனருக்குப் பதிலா பி மைனர்7 போடுங்க. ஆறாவது தந்தியைத் தொடாதீங்க. அஞ்சாவதுல 2, நாலாவது காலி, மூணாவதுல 2, ரெண்டாவது காலி, முதலாவதுல 2. மூணு விரல், மூணும் ஒரே கட்டத்துல. இங்க 'எஃப் சுவர்'னு ஒரு சொல்லே உண்டு, கிதார் வாங்குனவங்க பாதிப் பேர் அந்தச் சுவர்ல முட்டி நின்னு கிதாரை அலமாரிக்கு மேல ஏத்திடுறாங்கன்னு. முட்டுவானேன், சுத்திக்கிட்டுப் போங்க.

'டிரை ஃபிளவர்' 2020 அக்டோபர்ல வந்தது, 2021-க்கான பில்போர்ட் ஜப்பான் ஆண்டுப் பட்டியல்ல முதலிடம். எடுக்கலாம். ஆனா அதுக்கு ஒரு முன்கதை இருக்கு. யூரியோட முந்தைய பாட்டு 'ககுரென்போ', கண்ணாமூச்சி, பிரிஞ்சுபோன ஜோடியில அவன் சொல்றது. டிரை ஃபிளவர்ல அவ சொல்றா. கதாரின்னு சொன்னேன்ல, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாடும்போது யாரோட வாயால பேசுறோம்னு ஞாபகம் இருக்கட்டும். காதலன் சோகமா நினைச்சு கோரஸ்ல கத்துறவங்களை நிறைய பார்த்துட்டேன். அது கத்துற பாட்டு இல்ல, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுறது.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

கிதார் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் வாய்ப்பாட்டு. நாகோயாவில் ஐந்து வருடம் இருந்தேன். பாடுகிற பக்கத்திலிருந்து ஒரு சேதி.

நம்மவர்கள் ஜப்பானியப் பாட்டுப் பாடும்போது தடுமாறுவது சுருதியில் அல்ல, மாத்திரையில். தமிழில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று படித்தோம். ஜப்பானியத்தில் அரை கிடையாது. ஒற்றும் ஒரு முழு மாத்திரை வாங்கிக்கொள்ளும். ஷிம்புன், அதாவது செய்தித்தாள், நமக்கு இரண்டு அசை. அவர்களுக்கு ஷி-ன்-பு-ன், நான்கு. தோக்கியோ நான்கு, ஓசாகா நான்கு. பெரும்பாலும் ஒரு மாத்திரைக்கு ஒரு ஸ்வரம் என்றுதான் மெட்டுப் போடுகிறார்கள். நீங்கள் எடுத்திருக்கும் பாட்டின் பெயரையே பாருங்கள்: ம-ரி-இ-கொ-ஒ-ரு-தொ. ஏழு. நாம் மூன்றாக விழுங்கிவிட்டு மீதி நான்குக்கு எங்கே போவது என்று விழிப்போம். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வரிகளை முதலில் பேசிப் பாருங்கள், பிறகு பாடுங்கள்.

இன்னொன்று, வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். 'ககி' என்று எழுதினால் அது சாவியா, பழமா? சாவிக்கு நடுவில் வருவது நம் 'அகம்' என்பதில் ஒலிக்கும் க. பழத்துக்கு 'அக்கா'வில் ஒலிப்பதைப் போன்ற வன்மையான க. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று, நம் நாக்கும் இடையில் வரும் வல்லினத்தை மென்மையாக்கியே பழகியது. நான் ஒரு கூட்டத்தில் பழத்தைப் பாட வேண்டிய இடத்தில் சாவியைப் பாடி, முன்வரிசைப் பாட்டி ஒருவர் தன் கைப்பையைத் திறந்து தேட ஆரம்பித்துவிட்டார். ஹிராகானாவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

---

அனிமே_வெறியன் எழுதியது:

அக்கா செம. பாட்டி பாவம்.

நான் திருந்திட்டேன். 'ஹிமவாரி நோ யகுசோகு' ஓகேவா? ஹதா மொதோஹிரோ, டோரேமான் படத்துக்குப் பாடினது. நான் டோரேமானைத் தமிழ் டப்பிங்ல பார்த்து வளர்ந்தவன், அந்தப் பாட்டு கேட்டா இன்னமும் கண்ணு கலங்கும். பேசாம அதுக்குத் தமிழ் வரி எழுதிப் பாடினா கெத்தா இருக்காது?

---

ஆறுதந்தி எழுதியது:

நல்ல தேர்வு. 2014, கேட்ட காலத்தைக் கொஞ்சம் தாண்டுது, ஆனா சின்னப் பசங்கள்ல இருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அவரே கிதாரும் கையுமா இருக்கிற ஆளு, அதனால பாட்டு பிறக்கும்போதே கிதார்ல பிறந்த மாதிரி இருக்கும். அடிக்காம விரலால மீட்டுங்க.

தமிழ் வரி விஷயத்துல நிதானம். ஜப்பான் பதிப்புரிமைச் சட்டம் 38-வது பிரிவுப்படி வெளியான பாட்டை லாப நோக்கம் இல்லாம, டிக்கெட் இல்லாம, பாடுறவருக்குக் காசும் கொடுக்காம பாடினா அனுமதி வாங்க வேண்டியதில்ல. ஆனா மொழிபெயர்ப்பு அந்தச் சலுகைக்குள்ள வராது, அதுக்கு எழுதினவர் சம்மதம் தனியா வேணும். யூடியூப்ல ஏத்துறதும் அப்படித்தான், இசைப் பதிப்புரிமை அமைப்பான ஜாஸ்ராக் கையில இருக்கிற பாட்டை நீங்களே வாசிச்சுப் பாடி ஏத்தலாம், ஒப்பந்தம் இருக்கு. கம்பெனி வெளியிட்ட கரோக்கே டிராக்கை ஓட விட்டுப் பாடினா கதை வேற.

---

பியானோக்காரி எழுதியது:

சட்டம் போதும், பாட்டுக்கு வருவோம். ஒரு கிதார், ஒரு குரல்னா என் பட்டியல்ல முதல்ல வர்றது ஹொஷினோ கென்னோட 'உச்சி தே ஒதோரோ'. 2020 ஏப்ரல், எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ இன்ஸ்டாகிராம்ல போட்டது. அவர் வாசிக்கிறார், பாடுறார், அவ்வளவுதான். பக்கத்துல யார் வேணா எதை வேணா சேர்த்துக்கலாம்னு விட்டுட்டார். அப்போதைய பிரதமர் ஆபே, தான் சோபாவுல நாயோட உக்காந்திருக்கிற வீடியோவைப் பக்கத்துல ஒட்டிப் போட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். பாட்டு ஒரு நிமிஷம் போலத்தான். இஸகாயாவுல மூணு பாட்டுக்கு நடுவுல சொருகலாம். கார்டு கொஞ்சம் ஜாஸ் வாடை அடிக்கும், அது ஒண்ணுதான் தொல்லை.

'பன்சன்கா'வும் பாருங்க. த்ஸுகின்னு ஒரு பொண்ணு, 2023-ல வெளியிட்டப்போ பதினஞ்சு வயசு, முகத்தைக் காட்டாமலே வெளியிட்டா. இருபத்தஞ்சு வயசுக்காரங்க டேபிளுக்கு அது ஒட்டும். ஃபுஜீ கஸேயைச் சொல்ல ஆசைதான், 'ஷினு நோ கா ஈ வா' 2020 ஆல்பத்துல இருந்தது, 2022-ல தாய்லாந்துல இருந்து பத்திக்கிட்டு உலகம் சுத்துச்சு. அந்த ஆல்பத்தோட பேரே சத்ய சாய் பாபா சொன்ன வாசகம்னு தெரியுமா? ஆனா அதெல்லாம் கருப்பு வெள்ளைக் கட்டையில பிறந்தது. கிதார்ல போட்டா வேட்டிக்கு பெல்ட் கட்டின மாதிரி இருக்கும். ஆறுதந்தி சார் கோவிச்சுக்கலாம்.

---

ஆறுதந்தி எழுதியது:

வேட்டிக்கு பெல்ட் கட்டித்தான் எங்க தாத்தா வயலுக்குப் போனார்.

ஒரு பாட்டு இன்னும் யாரும் சொல்லல. யொனேசு கென்ஷியோட 'லெமன்'. 2018-லயும் 2019-லயும் பில்போர்ட் ஜப்பான் ஆண்டு முதலிடம் அதுதான். எழுதிட்டிருந்தப்போ அவர் தாத்தா இறந்துட்டார், அந்தப் பாரம் பாட்டுக்குள்ள இருக்கும். சுருதி பி. நாலாவது கட்டத்துல கேப்போ போட்டா ஆரம்பம் இ மைனர், டி, சி, ஜி, எல்லாமே நீங்க தூக்கத்துல பிடிக்கிற கார்டு. கட்டைக் குரல்னா கேப்போவையே எடுத்துடுங்க, நாலு அரைச்சுரம் இறங்கிடும்.

இந்தப் பாட்டோட பேர்போன சிக்கல், நடுவுல வர்ற அந்த 'க்வெ' சத்தம். வாத்து மிதிபட்ட மாதிரி. பதிவுல அதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு அது இல்லாம பாட்டு நொண்டும். நான் அந்த இடத்துல கிதார் உடம்பைக் கட்டை விரலால ஒரு தட்டுத் தட்டிடுவேன்.

---

தாமாக்கரை எழுதியது:

லெமன் முடிவாயிடுச்சு. மாரிகோல்டு, லெமன், ஹிமவாரி, இந்த மூணுதான். ஆனா பயிற்சிக்கு இடம்? என் அபார்ட்மென்ட்ல வாத்தியம் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. பிரிடெண்டர் கலவரத்துக்கு அப்புறம் கட்டட நிர்வாகத்துல இருந்து லெட்டர் பாக்ஸ்ல ஒரு காகிதம் போட்டிருந்தாங்க. "சில குடியிருப்பாளர்கள்"னு பன்மையில எழுதியிருந்தது. இந்த மாடியில கிதார் வெச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான்.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

பகலில் கரோக்கே அறை எடுங்கள். வார நாளில் மலிவு. பல இடங்களில் கிதாரை உள்ளே கொண்டுபோக விடுவார்கள், முன்மேசையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

---

ஆறுதந்தி எழுதியது:

பேரே தாமாக்கரைன்னு வெச்சுக்கிட்டு இடம் கேக்குறீங்களே! தாமா ஆத்தங்கரைக்குப் போங்க. ஞாயித்துக்கிழமை பாலத்துக்கு அடியில சாக்ஸபோன் ஒருத்தர், டிரம்பெட் ஒருத்தர்னு ஏற்கெனவே கச்சேரி நடந்துக்கிட்டிருக்கும். காத்து அடிச்சா தாள் பறக்கும், துணி கிளிப் ரெண்டு எடுத்துட்டுப் போங்க. ஸ்டேஷன் வாசல்ல மட்டும் நிக்காதீங்க, தெருவுல வாசிக்க அனுமதி வேணும்.

---

தாமாக்கரை எழுதியது:

முடிஞ்சது. நேத்து ராத்திரி.

ஆறு ஞாயிறு பாலத்துக்கு அடியில வாசிச்சேன். துணி கிளிப் யோசனைக்குத் தனியா நன்றி. மாரிகோல்டுல சுருதிப்பெட்டி அக்கா சொன்ன மாதிரி விரல் மடக்கி எண்ணிப் பழகினது நல்லாவே வேலை செஞ்சது. எதிர்ல இருந்த ஒருத்தர் "உச்சரிப்பு எங்க கத்துக்கிட்டீங்க"ன்னு கேட்டார். மாத்திரைக் கணக்கை ஜப்பானிய மொழியில விளக்க முடியாம "பள்ளிக்கூடத்துல"ன்னு சொல்லிட்டேன்.

ஹிமவாரியில மேனேஜரே சேர்ந்து பாடினார். ரெண்டாவது சரணம் எனக்கு மறந்துபோச்சு, அவருக்கு மறக்கல.

கூத்து லெமன்ல. அதுக்கு முன்னாடி ஒரு ஜூனியர் கிதாரை வாங்கி ஏதோ வாசிச்சுட்டுக் குடுத்தான். அவன் ரெண்டாவது கட்டத்துல போட்ட கேப்போவை நான் கவனிக்கல. ஆரம்பிச்சதும் ஏதோ உசரமா இருக்கேன்னு தோணுச்சு, நிறுத்த வெக்கம். அப்படியே போயிட்டேன். கோரஸ் உச்சியில குரலைப் பொய்க்குரலாக்கிச் சமாளிச்சேன். முதல் 'க்வெ' வர்ற இடத்துல கிதாரைத் தட்டக் கையைத் தூக்கினா, பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல "க்வெ!"ன்னு கத்திட்டாங்க. அடுத்த டேபிள்ல இருந்தும் ரெண்டு 'க்வெ' வந்துச்சு.

---

பியானோக்காரி எழுதியது:

அப்போ ரெண்டாவது கட்டத்துல கேப்போ வெச்சே பாட வருது உங்களுக்கு. முதல் நாள்ல இருந்து "கட்டை, கட்டை"ன்னு அழுதீங்களே.

---

தாமாக்கரை எழுதியது:

வருதுன்னு சொல்ல முடியாது, வந்துடுச்சு. இன்னைக்குத் தொண்டையில மிளகுப் பால்தான்.

மார்ச்ல ஒருத்தருக்கு வழியனுப்பு விழா இருக்கு, பாட என் பேரை ஏற்கெனவே எழுதிட்டாங்க. போறவர் குன்மா மாகாணத்துக்காரர். பேக் நம்பர் பேண்டோட 'சுய்ஹெய்சென்' வேணுமாம். 2020-ல பள்ளி விளையாட்டுப் போட்டி ரத்தானப்போ அந்தப் பிள்ளைங்களுக்காக எழுதின பாட்டு, இந்தக் குன்மாக்காரரோட தம்பி அந்த வருஷம் ஓட வேண்டியவனாம். யாராவது வாசிச்சிருக்கீங்களா?

---

ஆறுதந்தி எழுதியது:

வாசிச்சிருக்கேன். முதல்ல பாத்திரம் கழுவிட்டு வாங்க.